குருத்தணு

உடலின் வேறு உயிரணுக்களாக உருமாறும் திறனும், தன்னைப் போன்றவற்றைப் பெருக்கும் திறனும் உள்ள உயிரணு. குருத்து + அணு. குருத்து என்றால் இளந்தளிர். வாழையின் இலைகள் எல்லாம் குருத்தாகவே வெளிப்படுகின்றன. அந்த இளமைப் பொருள் இச்சொல்லில் பொருத்தமாக அமைந்திருக்கிறது. 'மூல உயிரணு', 'ஸ்டெம் செல்' என்பனவும் வழங்குகின்றன. ஜெர்மன் மூலச்சொல்லான 'ஸ்டாம்செல்'லை 1868இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் உயிரினங்களின் ஓரணு மூதாதையைக் குறிக்கவே ஆண்டார். இன்றைய பொருள் பின்னர் வந்தது.

முதிர்ந்த அணுவையும் குருத்துநிலைக்குத் திருப்பலாம் என்பதை அறிவியலாளர் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும், 2007இல் மனிதரிலும் காட்டினார். நான்கு மரபணுக்களே போதுமாயின. இப்படி உருவானவை 'தூண்டப்பட்ட குருத்தணுக்கள்'. 2012இல் அவருக்கு ஜான் குர்டனுடன் நோபல் பரிசு கிடைத்தது.

மூளை நோய் ஆய்வுக்கு இம்முறை பெரும் கொடை. உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து நரம்பணுவை எளிதில் எடுக்க முடியாது; ஆனால் தூண்டப்பட்ட குருத்தணுவிலிருந்து அதை வளர்க்கலாம். பெங்களூரில் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம், குருத்தணு ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம் ஆகியவை இணைந்து, கடும் மனநோய் பலருக்குள்ள குடும்பங்களின் இரத்த அணுக்களிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கியுள்ளன. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை இந்நோய்களில் அடங்கும். வளர்தட்டில் இக்குருத்தணுக்கள் முதலில் நரம்புக் குருத்தணுவாகி, பல வாரங்களில் நீண்ட இழைகளை நீட்டி மின்துடிப்பு எழுப்பும் நரம்பணுவாகின்றன. நோயுற்றவர், நோயற்ற உடன்பிறந்தார் இருவரின் அணுக்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே இம்முறையின் வலிமை. ஆயினும் தட்டில் வளர்பவை பெரும்பாலும் கருக்கால மூளையின் அணுக்களையே ஒத்தவை. முதுமை நோய்களை ஆராய இது தடையாகவே உள்ளது.