கிளப்பும் மன்றமும்

பத்தாண்டுகளாக நாம் ‘இலக்கிய வட்டம்’ என்ற பெயரில் கூடி வருகிறோம். ஒத்த நாட்டமுடையோர் ஒரு கூரையின்கீழ் கூடும் இவ்வழக்கத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘கிளப்’; கூடிய கட்டடம் ‘கிளப் ஹவுஸ்’. அச்சொல் நம் மலைக்கு வந்த கதையில் கூடுதலின் வரலாறு மட்டுமன்று, விலக்குதலின் வரலாறும் அடங்கியுள்ளது.

‘கிளப்’ என்பது முதலில் கனத்த தடியைக் குறித்தது. தடியின் முனைபோலத் திரண்டு நிற்பதைப் பின்னர் குறித்து, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கூடி உண்டு செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் நண்பர் குழுவின் பெயராயிற்று. பங்கு தருபவரே உறுப்பினர் எனும்போது, பிறரெல்லாம் வெளியார் என்பதும் சொல்லாமலே பெறப்படும்.

ஸ்ரீமதுரையிலிருந்து கூடலூர், நடுவட்டம் வழியே மலையேறினால் உதகை. அங்குள்ள ஊட்டி கிளப்பின் கட்டடத்தை 1830களின் தொடக்கத்தில் எழுப்பியவர் சர் வில்லியம் ரம்போல்ட். சிறிது காலம் தங்கும் விடுதியாக இருந்த அது, 1840களின் தொடக்கத்தில் கிளப் ஆயிற்று. 1875இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி ‘ஸ்னூக்கர்’ ஆட்டத்தை உருவாக்கினார். (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) அவ்வாட்டத்தின் விதிகள் 1882இல் வரையறுக்கப்பட்டு மாட்டப்பெற்ற இடம் இந்த ஊட்டி கிளப்பே. உலகெங்கும் ஆடப்பெறும் ஓர் ஆட்டத்திற்கு நம் மலையில் விதி பிறந்தது பெருமையே. ஆயினும் அக்கால ஐரோப்பியக் கிளப்புகள் பெரும்பாலானவற்றில் இந்தியர் பணியாளராக நுழையலாம், உறுப்பினராக இயலாது.

கற்ற இந்தியர் இதற்குக் கண்ட விடை, தமக்கென ஒரு கிளப். சென்னையில் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873இல் அவ்வாறு தோன்றியது. பொதுமக்களோ அச்சொல்லையே வேறு வழிக்குத் திருப்பிவிட்டனர். ‘காபி கிளப்’, ‘கிளப்புக் கடை’ என்றால் காசு கொடுத்து உண்ணும் சிற்றுண்டிச் சாலை! சந்தா இல்லை, பரிந்துரை இல்லை. எனினும் அங்கும் சாதி தனியிடம் கேட்டது. ‘பிராமணாள்’ என்ற பலகை தொங்கியது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் 1957இல் பெரியார் தொடங்கிய கிளர்ச்சி அப்பலகையை எதிர்த்தே நடந்தது.

விடுதலைக்குப் பின்னும் வழக்கு ஓயவில்லை. 2014 ஜூலையில், வேட்டி அணிந்து சென்ற சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பினுள் நுழைய மறுக்கப்பட்டார். தமிழ் மண்ணில் தமிழ் உடைக்குத் தடை! அடுத்த மாதமே சட்டமன்றம் அத்தகைய உடைத் தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது.

‘கிளப்’ என்பதற்கு நாம் வழங்கும் தமிழ் ‘மனமகிழ் மன்றம்’. இத்தொடர் இன்று மதுக்கூடத்தை நினைவூட்டும் அளவிற்குச் சுருங்கிவிட்டது. அடுக்குமாடி விளம்பரங்களில் ‘கிளப் ஹவுஸ்’ என்பது நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் ஆகிவிட்டது. ஆனால் ‘மன்றம்’ பழஞ்சொல். சங்க காலத்தில் ஊரார் கூடிய மரத்தடியும் மன்றம். ‘மன்று’ ஆநிரை நிற்கும் இடமுமாம். ‘பொதியில்’ என்றொரு சொல்லும் உண்டு. அது பொது இல், அனைவர்க்கும் உரிய இல்லம்.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, ‘மன்று’ என்னும் சொல்லோடு நம் மலையின் கோத்தர், தோடர் மொழிச் சொற்களையும் ஒரே இனமாகச் சேர்க்கிறது. எருமை மேய்த்து வாழும் தோடர் தம் குடியிருப்பை நாம் ‘மந்து’ என்கிறோம். ஆங்கிலேயர் எழுதிய ‘ஊட்டகமண்ட்’ என்ற பெயரின் ஈற்றில் ஒலிப்பதும் அதுவே. கிளப் வருமுன்பே மன்றம் இம்மலையில் இருந்தது. வந்தவர்கள் அதன் பெயரை ஊருக்குச் சூட்டிவிட்டு, அதன் மக்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர்.

நம் வட்டத்திற்கும் ஒருநாள் சொந்தக் கட்டடம் அமையலாம். அதன் பலகையில் எப்பெயர் பொறித்தாலும் தாழ்வில்லை. தேயிலை பறித்துவிட்டு ஈரக் காலோடு வரும் பெண் தயங்காமல் படியேறி அமர்வாளாயின், அது மன்றம். இல்லையேல், தமிழ்ப்பெயர் தாங்கிய இன்னொரு கிளப்பே.