சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களும் கல்லீரல் நொதிகளும்

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, ஒழுங்கற்ற மாதவிடாய், முகத்தில் மிகையான முடி வளர்ச்சி, முகப்பரு, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவற்றால் அறியப்படுகிறது. ஆயினும் இது சினைப்பையோடு நின்றுவிடும் நோயன்று. சர்க்கரையையும் கொழுப்பையும் உடல் கையாளும் முறையை இது மாற்றுவதால், கல்லீரலின் நலனையும் கவனித்தல் அவசியம்.

கல்லீரல் நொதிகள் என்பவை யாவை?

ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. ஆகியவை கல்லீரல் உயிரணுக்களுக்குள் இருக்கும் நொதிகள். ஆய்வக அறிக்கைகளில் இவை முறையே எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்றும் குறிக்கப்படும். உயிரணுக்கள் பாதிக்கப்படும்போது இவை இரத்தத்தில் கசிகின்றன. ஏ.எல்.டி. பெரும்பாலும் கல்லீரலில் உள்ளது. ஏ.எஸ்.டி. தசையிலும் இதயத்திலும் இருப்பதால், கடும் உடற்பயிற்சிக்குப் பின்னரும் அதன் அளவு உயரக்கூடும்.

சினைப்பை நீர்க்கட்டிக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு?

இந்நோய் உள்ள பெண்கள் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு காணப்படுகிறது. இன்சுலின் சரிவரச் செயல்படாதபோது கொழுப்புத் திசுக்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் மிகுதியாக வெளிப்பட்டுக் கல்லீரலில் படிகின்றன. இரத்தத்தில் மிகும் இன்சுலின், சினைப்பைகளில் ஆண்மை இயக்குநீர் சுரப்பையும் தூண்டுகிறது. இவ்வாறு கொழுப்புக் கல்லீரல் நோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. மெலிந்த உடல்வாகு கொண்ட பெண்களுக்கும் இது ஏற்படலாம்.

இந்நோய் தொடக்கத்தில் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. கவனிக்கப்படாவிடில் சிலருக்கு அழற்சி, தழும்பு, இறுதியில் கல்லீரல் இறுக்கம் வரை செல்லக்கூடும். தொடக்க நிலையில் கண்டறிந்தால் பெரும்பாலும் மீட்கக்கூடியது.

பரிசோதனைகள்

• 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், நோய் கண்டறியப்படும்போதே இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பு அளவையும் அறியுமாறு கூறுகிறது. சர்க்கரைப் பரிசோதனையை 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் அளவிட வேண்டும்.
• இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேற்படின் வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கான வாய்ப்பு அதிகம்.
• கல்லீரல் நொதிகளுக்கான பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

நொதி அளவு இயல்பாக இருப்பதால் மட்டும் கல்லீரலில் கொழுப்பு இல்லை எனக் கொள்ளலாகாது. அளவு சற்று உயர்ந்திருப்பதாலேயே கல்லீரல் பழுதடைந்துவிட்டது என்றும் பொருளன்று. மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, மது, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். எனவே மருத்துவர் மீண்டும் பரிசோதித்து, தேவையெனில் வயிற்று ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைப்பார்.

செய்ய வேண்டியவை

• உடல் எடை கூடுதலாக இருப்பின் 5 விழுக்காடு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைவது அழற்சியையும் தணிக்கும்.
• வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் விரைவு நடை போன்ற மிதமான பயிற்சி செய்க.
• இனிப்புப் பானங்களையும் மைதாப் பண்டங்களையும் குறைத்து, பருப்பு, பயறு, காய்கறி, கீரை ஆகியவற்றைக் கூட்டுக.
• நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• மருந்துகளைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. மெட்ஃபார்மின் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க அளிக்கப்படுவது. கொழுப்புக் கல்லீரலுக்கான மருந்தன்று.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

கண் அல்லது தோல் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், வயிறு வீங்குதல், இரத்த வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை தென்பட்டால் தாமதிக்க வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் கடும் அரிப்பு தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குடும்பத்தாருக்கு

உடல் எடையைச் சுட்டிப் பேசுவது மன உளைச்சலையே தரும். அவருக்கென மட்டும் தனிச் சமையல் செய்வதினும், வீட்டின் உணவுமுறை முழுவதையும் மாற்றிக்கொள்வது நிலைத்த பயன் அளிக்கும். பழைய அறிக்கைகளை ஒரே கோப்பில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.