பெண்ணியல் கல்வியும் மின்னணு ஆவணமும்

பெண்களின் வாழ்வையும் பாலினம் சார்ந்த ஏற்றத்தாழ்வுகளையும் ஆராயும் பெண்ணியல் துறை இந்தியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்ற ஓர் அரசு அறிக்கையே பெருந்தூண்டுதலாக அமைந்தது. 1971இல் அமைக்கப்பட்ட பெண்கள் நிலை குறித்த குழு 1974இல் அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கை, 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930 ஆகச் சரிந்திருந்ததை எடுத்துக்காட்டி, விடுதலைக்குப் பின் பெண்களின் நிலை தானாகவே உயரும் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. அறிக்கை வெளிவந்த அதே 1974இல் பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் பெண்ணியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1984இல் தமிழ்நாட்டில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

பாடம் வந்தபோதிலும் அதற்குரிய சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் அரிதாகவே இருந்தன. அக்குறையைப் போக்க, அம்பை என்னும் பெயரில் எழுதும் சி.எஸ்.லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் 1988இல் ‘ஸ்பாரோ’ காப்பகத்தை நிறுவி, வாழ்ந்தவரே தம் அனுபவத்தைச் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்யும் வாய்மொழி வரலாற்றையும், ஒளிப்படங்களையும், சுவரொட்டிகளையும் திரட்டினர்.

மாணவர்களே ஒலிப்பதிவு, இணையக் கண்காட்சி, கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகியவற்றை உருவாக்கிப் பயிலும் மின்னணுச் செயல்திட்டம் இம்மரபின் அடுத்த கட்டமாகும். 2013இல் அமெரிக்காவில் ‘ஃபெம்டெக்நெட்’ என்னும் கூட்டமைப்பு, பல கல்லூரிகள் சேர்ந்து நடத்திய பாடத்தில், விக்கிப்பீடியாவில் பெண்களைப் பற்றிய கட்டுரைகளை எழுதுவதையும் திருத்துவதையும் பயிற்சியாகவே ஆக்கியது. இத்தகைய பணியில் மனித உரிமை என்பது மனப்பாடம் செய்யும் சட்டப்பிரிவாக நிற்பதில்லை: பதிவின் நோக்கத்தை விளக்கி இசைவு பெற வேண்டும், பேசியவர் பின்னர் மறுத்தால் பதிவை நீக்க வேண்டும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை படத்தில் தெரிந்தாலே ஒரு தொழிலாளியின் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பதை மாணவர் உணர வேண்டும்.

இத்தகைய பதிவின் தேவையைக் காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் வட்டாரம் உணர்த்துகிறது. அவ்வூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமைப் பற்றி இராணுவ ஆவணங்கள் பேசுகின்றன. இன்று அவ்வூரை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் உழைக்கும் பெண்களின் வரலாறும் அவ்வாறே நிலைபெற வேண்டும். 2021 டிசம்பரில், தொழிலாளர் விடுதி உணவால் பலர் நோயுற்றதை எதிர்த்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் மறியல் செய்த பெண்களின் நினைவுகளை அவர்கள் சொல்லிலேயே காக்கும் பொறுப்பை இவ்வட்டாரக் கல்லூரிகள் ஏற்க வேண்டும். பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண்ணும் நேரமும் ஒதுக்குவது பல்கலைக்கழகங்களின் கடமை.