அடிமைக்குக் கல்லறை இல்லை

குளச்சல் கடற்கரையோரம் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்ததன் நினைவு அது. அன்று பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூரின் படைத்தளபதியானார். 1777இல் இறந்த அவருக்கு உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை உண்டு. கைதிக்கே கல்லறை! அதே நாட்டில் மாடு மாதிரி விற்கப்பட்ட பறையருக்கும் புலையருக்கும் ஒரு கல்லும் இல்லை.

அடிமைக்கு முதுமை என்றால் விலை இறங்குவது, அவ்வளவுதான். 1855இல் திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது. அன்றைக்கு நரைத்துக் கூனிப்போயிருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அனுபவிக்க ஆயுசு மிச்சமில்லை. அவர்களுக்கு விடுதலை வந்து என்ன பயன்?

அடிமைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த என் பாட்டி சாகக்கிடந்தபோது சொன்னாள்: "ஒருத்தனுக்க சொத்தாட்டு சாவாம மனுசியாட்டு சாவணும் மக்கா. அது போரும்."

பதில் அதில் இருக்கிறது. சட்டத்துக்குப் பிறகும் தீண்டாமை போகவில்லை, பட்டினி போகவில்லை. ஆனால் பேரப்பிள்ளையை இனி எவனும் சந்தையில் விற்க முடியாது என்று தெரிந்து அந்தக் கிழவர்கள் கண்மூடினார்கள். தூண்களை விட்டுவிட்டு, அந்தச் சாவுகளிலிருந்து நம் வரலாற்றை எழுதத் தொடங்குவோம்.