பள்ளிக்கூடம் எங்கே நிற்கிறது? கோட்டை யார் போடுகிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்பு, சென்னையின் தென்விளிம்பில் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் ஆண்டுதோறும் அங்கே வந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள். குடியிருப்புக்குள் புதிதாக ஒரு தொடக்கப் பள்ளி கட்டுவது, பிறகு பிள்ளைகளைப் பிரிப்பது என்பதுதான் அன்றைய பேச்சு. மேசைமேல் விரித்த வரைபடத்தில் ஓர் அலுவலர் பென்சிலால் கோடு போட்டார். கோடு பிரதான சாலையை ஒட்டிச் சென்றது. இந்தப் பக்கம் குடியிருப்பு, புதிய பள்ளி. அந்தப் பக்கம் ஊர், பழைய பள்ளி.

ஊர்ப் பெற்றோர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. "இது பள்ளி எல்லை இல்லை, சாதி எல்லை" என்று எழுந்து சொன்னேன். அப்போது குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாய் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், நீங்க சொல்றதெல்லாம் சரி. எம் புள்ளைக்கு ஆறு வயசு. லாரி போற ரோட்ட அவன் தினமும் எப்படித் தாண்டுவான்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயங்களும் ஏன் எதிரெதிராக நிற்கின்றன என்று யோசித்தபோது, இது அந்தக் கூட்டத்தில் தொடங்கிய சிக்கல் அல்ல என்று புரிந்தது. இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்த வரலாற்றை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதவு திறந்திருந்தது, தெரு மூடியிருந்தது

பிரிட்டிஷ் ஆட்சியில் அரசுப் பள்ளிகள் காகிதத்தில் எல்லாருக்கும் பொது. நடைமுறை வேறு. 1856இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர அனுமதி கேட்டு மனுக் கொடுத்தான். பம்பாய் அரசு அவனைச் சேர்க்கவில்லை. ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்ற அச்சமே அரசின் வாதமாக இருந்தது. இந்த வழக்கைப் பின்னாளில் அம்பேத்கர் விரிவாக எடுத்துப் பேசியிருக்கிறார்.

சென்னை மாகாணத்தில் தடை இன்னும் எளிமையான வடிவத்தில் இருந்தது. பள்ளியின் இடமே தடை. அக்ரகாரத்திலோ கோயில் வளாகத்திலோ ஊர்ச் சாவடியிலோ பள்ளி நடந்தால், சேரிப் பிள்ளையைத் தனியாக யாரும் விரட்ட வேண்டியதில்லை. அந்தத் தெருவுக்குள்ளேயே அவன் போக முடியாது. வாசலில் தடுத்தால் தீண்டாமை என்று புகார் கொடுக்கலாம். தெருமுனையிலேயே திரும்பிப் போகும் பிள்ளையைப் பற்றிப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

1919இல் சென்னை அரசே இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வர முடியாத இடங்களில் பொதுப்பள்ளிகளை நடத்தக் கூடாது என்று ஆணை பிறந்தது. அந்தக் காலத்தில் எம்.சி. ராஜா போன்றோர் சட்டமன்றத்துக்குள் இதைத் தொடர்ந்து பேசினார்கள். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்று அரசாணை வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பள்ளியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, பள்ளிக்குப் போகும் வழியையும் திறக்க வேண்டும் என்று நம் முன்னோடிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தனிப்பள்ளி: கிடைத்ததும் இழந்ததும்

ஆணை ஊருக்குள் நுழையவில்லை. ஊர் எதிர்த்த இடங்களில் அரசு சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்தது. ஊர்ப் பள்ளியை மாற்றுவதைவிடச் சேரியிலேயே ஒரு பள்ளி கட்டுவது சுலபம். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

தனிப்பள்ளிக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார், பிறகு நகரின் பிற பகுதிகளிலும் பள்ளிகள் வந்தன. கிறித்தவ மிஷன்கள் அதற்கும் முன்பிருந்தே சேரிகளில் பள்ளி நடத்தின. 1920களில் அரசின் தொழிலாளர் துறை இந்த வேலையை ஏற்றது. மனைப்பட்டா, கிணறு, பள்ளி என்று ஒடுக்கப்பட்டோருக்கான பணிகள் அந்தத் துறையின் பொறுப்பில் வந்தன. நாடு விடுதலை அடைந்தபின் அதுவே அரிசன நலத்துறையாகி, இன்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையாக இருக்கிறது. அந்தத் துறையின் கீழ் இன்று 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன.

இந்தப் பள்ளிகளை ஒரே வார்த்தையில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போடக் கற்றவர் அப்படி ஒரு பள்ளியில்தான் கற்றார். கூரையில்லாத பள்ளி, ஒரே ஆசிரியர். ஆனாலும் அந்தப் பள்ளியில் யாரும் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. நம்மில் ஒரு தலைமுறை எழுந்து நின்றது அந்தத் திண்ணைகளிலிருந்துதான்.

அதே சமயம் இழந்ததையும் சொல்ல வேண்டும். சேரிக்கு ஒரு பள்ளி வந்ததும், ஊர்ப் பள்ளி மாற வேண்டிய கட்டாயம் போய்விட்டது. "உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே" என்ற பதில் நிரந்தரமானது. பள்ளியின் பெயர்ப்பலகையே பிள்ளையின் சாதியைச் சொல்லும் நிலை வந்தது. 2023இல் இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது, நம் இயக்கங்களுக்குள்ளேயே கடும் விவாதம் எழுந்தது. நிலமும் சொத்தும் தலித் மக்களின் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள் ஒரு தரப்பினர். பெயரில் சாதியைச் சுமப்பதற்கு முடிவு கட்ட வேண்டும் என்றார்கள் மறுதரப்பினர். 2024இல் நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும், பள்ளிகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இதன் வேர் எங்கே என்று தெரிந்தால்தான் நாம் அதில் சரியாகப் பேச முடியும்.

ஒரு மைல் கணக்கு

1950களில் நிலைமை மாறியது. காமராசர் ஆட்சியில் பள்ளிகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது, 1956இல் மதிய உணவு வந்தது. 1957இல் நாடு முழுவதும் முதல் கல்விக் கணக்கெடுப்பு நடந்தது. குடியிருப்பு வாரியாக எங்கே பள்ளி இருக்கிறது, எங்கே இல்லை, பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது என்று எடுக்கப்பட்டது. மக்கள்தொகையும் தூரமும் சேர்ந்து பள்ளியின் இடத்தைத் தீர்மானிக்கும் காலம் வந்தது. ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி என்பது இலக்கானது.

இது பெரிய முன்னேற்றம்தான். பண்ணையாரின் தயவு, ஊர்ப் பெரியவரின் விருப்பம் இவற்றை ஓர் எண் ஓரளவுக்கு ஓரம் கட்டியது. கிராமத்தை மொத்தமாக எண்ணாமல் ஒவ்வொரு குடியிருப்பையும் தனியாக எண்ணியதால் சேரியும் கணக்கில் வந்தது.

ஆனால் அளவுகோலுக்குக் கண் கிடையாது. வரைபடத்தில் முக்கால் மைல் என்றிருக்கும் வழி ஊர்த்தெரு வழியாகப் போகலாம். அந்தத் தெருவில் செருப்போடு நடந்தால் அடி விழும் என்றால் அது முக்கால் மைல் ஆகுமா? வயல்வரப்பைச் சுற்றி நடக்கும் பிள்ளைக்கு அது இரண்டு மைல். தூரம் என்பதைச் சாதி நீட்டும், சுருக்கும்.

அமெரிக்காவில் இதே அனுபவம் கறுப்பின மக்களுக்கு உண்டு. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் லிண்டா பிரௌன் என்ற சிறுமியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளையருக்கான பள்ளி இருந்தது. அவள் தொலைவிலிருந்த கறுப்பருக்கான பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. 1954இல் உச்சநீதிமன்றம் நிறப் பிரிவினைப் பள்ளிகளைச் சட்டவிரோதம் என்றது. அதன்பின் பல நகரங்களில் பிரிவினை வேறு வடிவம் எடுத்தது. வெள்ளையர் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், பள்ளி எல்லைக் கோடுகள் வேலையைப் பார்த்துக்கொண்டன. சட்டம் போன பிறகும் கோடு நின்றது.

வீடு முதலில், பள்ளி பிறகு

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் உருவானபோது, மக்கள் வாழும் இடத்திலேயே வீடு கட்டித் தருவது நோக்கமாக இருந்தது. 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று காலம் மாறியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் மையத்திலிருந்தும் குடும்பங்கள் வெளியே கொண்டுவரப்பட்டன. அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் கூடியது.

கண்ணகி நகரில் மட்டும் 15,656 வீடுகள். ஒரு வீட்டுக்கு நான்கு பேர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 62,000 பேருக்கு மேல். நகரத் திட்டமிடலுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கு 0.40 ஹெக்டேர் நிலம் என்கின்றன. அப்படியானால் இந்த அளவுள்ள ஒரு குடியிருப்புக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தொடக்கப் பள்ளிகள் வேண்டும். நிலம் மட்டும் சுமார் 13 ஏக்கர். இந்த நிலத்தை வீடு கட்டும் முன்பே ஒதுக்க வேண்டும். எட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இன்னொரு சிக்கல் பருவம். பிள்ளைகளின் படிப்பாண்டு ஜூனில் தொடங்குகிறது. வெளியேற்றத்துக்கு அப்படி ஒரு பருவம் இல்லை. 2019 டிசம்பர் இறுதியில் சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது கல்வியாண்டின் பாதிதான் முடிந்திருந்தது. தலித் மக்களுக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்த ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கிய நகர் அது.

மூன்றாவது, பொறுப்பு. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. பெரும்பாக்கம் ஊராட்சியாகவே தொடர்ந்தது. வீடு கட்டுவது ஒரு வாரியம், பள்ளி நடத்துவது இன்னொரு துறை, உள்ளாட்சி மூன்றாவது. யாரைக் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள்.

கையில் உள்ள சட்டம்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் சும்மா இல்லை. அருகமைப் பள்ளி என்பது அதன் அடித்தளம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி வைத்திருக்க வேண்டும் என்றும், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை அது உறுதிசெய்ய வேண்டும் என்றும் 9ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்கிறது 5ஆம் பிரிவு. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் அதிகாரம், நான்கில் மூன்று பங்கு பெற்றோர் கொண்ட மேலாண்மைக் குழுவுக்கு உண்டு என்கிறது 22ஆம் பிரிவு.

களத்தில் இருக்கும் தோழர்கள் மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கை எந்த ஆண்டில் எடுத்தீர்கள்? வீடுகள் நிரம்பும் முன் எடுத்த கணக்கில் கட்டிய பள்ளி திறக்கும் நாளிலேயே சிறியதாகிவிடும். இரண்டு, பள்ளிக்கான நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தோடு கேளுங்கள். மூன்று, எல்லைக் கோட்டை எந்த அடிப்படையில் போட்டீர்கள்? அந்தக் கோடு ஊரையும் சேரியையும் பிரிக்கும் பழைய கோட்டின் மேலேயே போகிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

அந்தத் தாய்க்கு என் பதில்

அன்றைய கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். பள்ளி பக்கத்தில் வேண்டும் என்பதில் நீங்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவரும் இன்னும் சில தாய்மார்களும் நானும் அந்தச் சாலையை நடந்து பார்த்தோம். குடியிருப்பின் ஓரத்தில், சாலையின் இந்தப் பக்கத்திலேயே, புதிதாக வந்த இரண்டு மனைப்பிரிவுகள் இருந்தன. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு சாதியினர். அவர்கள் பிள்ளைகளுக்கும் பழைய பள்ளி சாலையைத் தாண்டித்தான். புதிய பள்ளியைக் குடியிருப்பின் நடுவில் கட்டாமல் அந்த ஓரத்தில் கட்டினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சாலையைத் தாண்டாமல் வரலாம். கோட்டை இரண்டையும் சேர்த்துப் போடலாம்.

அதை மனுவாக எழுதினோம். பள்ளியின் இடம் கொஞ்சம் நகர்ந்தது. கோடு நாங்கள் கேட்ட அளவுக்கு நகரவில்லை. மனைப்பிரிவுப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். சிலர் ஏற்றவில்லை. அந்தச் சிலருடைய பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

பக்கத்துப் பள்ளியா, பொதுப்பள்ளியா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நூறு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். பக்கத்திலும் வேண்டும், பொதுவாகவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டுமானால், முதல் செங்கல்லுக்கு முன், முதல் வீட்டுச் சாவி கொடுப்பதற்கு முன், வரைபடம் விரிக்கும் மேசையில் நாம் இருக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் பகுதியில் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினால், வீடு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளி எங்கே என்று கேளுங்கள்.