சீட்டித்துணிக்கு வந்த தடை

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒரு கட்டிலின் படம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற ஆங்கில நடிகர் டேவிட் காரிக் வீட்டுக் கட்டில். அதன் திரைச்சீலை இந்தியச் சீட்டித்துணி. 1775-ல் அந்தத் துணியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள்! "மனைவி வருந்துகிறாள்" என்று காரிக் அரசு அதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

ஒரு பூத்துணிக்கு ஏன் இந்தப் பாடு?

அதுவரை ஐரோப்பியர் உடுத்தியது கம்பளி, பட்டு, லினன். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணியோ லேசானது. துவைத்தாலும் சாயம் போகாது. கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய துணியில், படிகாரக் கரைசலால் வரைந்து சாயவேரில் வேகவைத்தால் சிவப்பு நிற்கும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரியில் முக்குவார்கள். இந்தத் தொழில் ரகசியத்தைக் கேட்டறிந்து, 1742-ல் கேர்டூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார்.

சீமாட்டி முதல் வேலைக்காரி வரை எல்லோரும் சீட்டி உடுத்த, உள்ளூர் நெசவாளர் பிழைப்பு ஆட்டம் கண்டது. பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் ஓர் ஓட்டை: வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து அங்கேயே அச்சடிக்கலாம். 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். 1721 சட்டம் உடுத்துவதையே குற்றமாக்கியது.

யாருக்கு லாபம்? தடை நிழலில் வளர்ந்தது இங்கிலாந்தின் சொந்த அச்சுத் தொழில்தான். 1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் தீட்டியவர் இயந்திரத்தோடு எப்படிப் போட்டியிடுவது?

தடை போடாத ஹாலந்தின் ரைக்ஸ்மியூசியம் இணையத் தொகுப்பிலும் சீட்டி ஆடைகளைப் பார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கினால் கோடு கோடாய்த் தெரியும் கைவேலை! அருகே ஊர், காலம், நூல், சாயம் எல்லாம் குறிப்பிட்டிருக்கும். உடுத்தியவர் பெயர்கூடச் சிலசமயம் இருக்கும். தீட்டியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் பெரும்பாலும் ஒரே சொல்: 'தெரியவில்லை'.