அம்மாவின் ஜீனோ

பெங்களூரு பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘என் இனிய இயந்திரா’. பிறகு அது தூர்தர்ஷனில் வந்தது. கம்பத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

விகடன் பக்கங்களைக் கிழித்து பைண்ட் செய்து வைத்திருந்த மாமாவுக்கு, புத்தகம் படித்து, எதிர்வாதமும் பண்ணும் இயந்திர நாய் ஜீனோ எழுத்தில்தான் உயிரோடு இருந்தது. “டிவில பாதி ஜீனோதான்டா வந்துச்சு” என்பார்.

அம்மா விடமாட்டாள். “அந்த பைண்டு புக்கை என்னைக்காச்சும் என் கையில குடுத்தியாண்ணே?” கொடைக்கானல் கோபுரம் வழியாக வந்த ஜீனோதான் அவளுக்குக் கிடைத்தது.

கல்லூரியில் நாவலைப் படித்தபோது என் ஓட்டும் மாமாவுக்கே. போன பொங்கலுக்கு அம்மாவுக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தி, “அந்தக் குரல் இதுல கேக்கலையேடா” என்றாள்.